வைஃபை டிரைவரை எங்கே வைத்துப் பராமரிப்பது? மெயின்லைன், வெளி மாட்யூல், பேக்போர்ட்ஸ்: ஓர் ஒப்பீடு

போர்டில் ஒரு வைஃபை சிப் இருக்கிறது. சிப் விற்றவர் அதன் டிரைவர் மூலநிரலை ஒரு டார் கோப்பாகக் கொடுத்திருக்கிறார். அது லினக்ஸ் 5.10-ல் கம்பைல் ஆகிறது. போர்டு ஓட வேண்டியதோ 6.12-ல். கம்பைல் செய்யும் மேக் கட்டளை கொடுத்த மறுநிமிடம் திரை முழுக்கப் பிழை. "சரி, ஒவ்வொன்றாகத் திருத்தி எப்படியாவது கம்பைல் ஆக்கிவிடலாம்" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இரண்டு மூன்று நாளில் அது ஆகியும் விடும். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளில், யாரும் உட்கார்ந்து பேசாமலே ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: இனி இந்த டிரைவரைச் சுமக்கப்போவது நீங்கள்தான்.

டிரைவரை எழுத எத்தனை நாள் ஆகும் என்பதை வைத்து வழியைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு தப்பும். எழுதுவது ஒருமுறைச் செலவு. லினக்ஸ் கெர்னலோ ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது, அதன் உள் ஏபிஐ, அதாவது டிரைவர்கள் கெர்னலை அழைக்கும் முறை, எப்போது வேண்டுமானாலும் மாறும், மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை கெர்னல் பதிப்புகளில் ஓட வேண்டும்? எத்தனை ஆண்டு? சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் யார் கையில் இருக்கிறது? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள்.

முதலில் சிப்பின் சுபாவம்

வைஃபைக்கான 802.11 நெறிமுறையின் மூளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேன், ஆத்தென்டிகேஷன், அசோசியேஷன், வேகத் தேர்வு எல்லாம் சிப்பின் ஃபர்ம்வேருக்குள்ளேயே நடந்தால் அது ஃபுல்மேக். அவற்றைக் கெர்னலின் மேக்80211 அடுக்கு கவனித்துக்கொள்ள, சிப் ஃபிரேம்களை அனுப்புவதும் வாங்குவதுமாக மட்டும் இருந்தால் அது சாஃப்ட்மேக். பிராட்காம் சிப்புகளுக்கான பிஆர்சிஎம்எஃப்மேக் முதல் வகை. ஏடிஎச்9கே, மீடியாடெக்கின் எம்டி76, ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 ஆகியவை இரண்டாம் வகை. இன்டெலின் ஐடபிள்யூஎல்வைஃபை மேக்80211 மீதுதான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் ஸ்கேன் போன்ற பல வேலைகளை ஃபர்ம்வேரிடம் தள்ளிவிடுகிறது. கோடு அவ்வளவு கறாரானதல்ல.

ஃபுல்மேக் டிரைவர், கெர்னலின் வைஃபை அமைப்பு இடைமுகமான சிஎஃப்ஜி80211-உடன் நேரடியாகப் பேசும். கட்டளையை ஃபர்ம்வேருக்கு அனுப்பி, திரும்பி வரும் நிகழ்வை மேலே சொல்வதுதான் அதன் பிழைப்பு. எழுதுவது சுலபம், ஹோஸ்ட் தூங்கும்போது மின்சாரமும் மிச்சமாகும். குறை ஒன்றே ஒன்று: ரோமிங் சரியில்லை, ஒரு குறிப்பிட்ட ஆக்சஸ் பாயின்டோடு மட்டும் அடிக்கடி துண்டிக்கிறது என்று வந்தால், கோளாறு இருக்கும் இடத்துக்குள் உங்களால் எட்டிப் பார்க்கவே முடியாது. சிப் விற்றவர் புதிய ஃபர்ம்வேர் தரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது ஒரு கலப்பினமும் உண்டு, தொல்லை முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது. சிப் உண்மையில் சாஃப்ட்மேக். ஆனால் விற்பனையாளரின் டிரைவர் மேக்80211-ஐ ஒதுக்கிவிட்டு, தனக்கென்று ஒரு முழு 802.11 அடுக்கையே உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே ஃபுல்மேக் மாதிரி நடிக்கும். ரியல்டெக்கின் பழைய யூஎஸ்பி டிரைவர் தொகுப்புகள் இந்த ரகம். ஒவ்வொன்றும் ஒரு லட்சம் வரிக்கு மேல். ஒரே மூலத்தைப் பல இயங்குதளங்களுக்கு ஓட்ட வேண்டும் என்பது விற்பனையாளரின் கணக்கு, அதில் தப்பில்லை. பராமரிப்பவருக்கு அது ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை.

வெளி மாட்யூலாகச் சுமப்பது

விற்பனையாளர் மூலத்தை அப்படியே எடுத்து, கெர்னல் மரத்துக்கு வெளியே வைத்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கட்டும் டிகேஎம்எஸ் மூலமோ உங்கள் பில்ட் அமைப்பு மூலமோ கம்பைல் செய்வது. முதல் வாரத்தில் இதைப்போல் மலிவானது எதுவும் இல்லை. ஆக்சஸ் பாயின்ட் முறை, சாதனங்கள் நேரடியாக இணையும் பீ2பீ, விற்பனையாளரின் ரேடியோ சோதனைக் கட்டளைகள் எல்லாம் முதல் நாளே வேலை செய்யும். தொழிற்சாலையில் ரேடியோவை அளந்து பார்க்க அந்தச் சோதனைக் கட்டளைகள்தான் தேவை என்பதால், மெயின்லைன் (அதிகாரபூர்வக் கெர்னல் மரம்) பக்கம் போகிறவர்கள்கூட விற்பனையாளர் டிரைவரை அந்த ஒரு வேலைக்காக ஓரமாக வைத்திருப்பார்கள்.

பிறகு கெர்னல் நகரும். எதெல்லாம் உடையும் என்பதைச் சமீபத்திய வரலாற்றிலிருந்தே சொல்லலாம். 4.15-ல் டைமர் அமைக்கும் முறை மாறியது, பழைய இனிட்-டைமர் போனது. 5.6-ல் ப்ராக் (கெர்னல் தகவலைக் காட்டும் /proc) கோப்புகளுக்குத் தனிக் கட்டமைப்பு வந்தது. டீபக் தகவலை ப்ராக்கில் கொட்டும் டிரைவர்கள் எல்லாம் நின்றன. 5.17-ல் நெட்வொர்க் சாதனத்தின் மேக் முகவரி கான்ஸ்ட் (நேரடியாக எழுத முடியாதது) ஆனது. நேரடியாக மெம்காப்பி செய்த இடமெல்லாம் பிழை. 6.0-ல் வைஃபை 7-இன் பல-இணைப்பு வசதிக்காக சிஎஃப்ஜி80211-இன் பல கால்பேக்குகளில் இணைப்பு எண் என்று ஓர் அளவுரு கூடியது. 6.1-ல் பாக்கெட் வாங்கும் முறையான நாப்பியின் பதிவில் எடை அளவுரு போனது. 6.12-ல் அன்அலைன்ட் ஹெடர் கோப்பு இடம் மாறியது. 6.15-ல் டெல்-டைமர் குடும்பமே நீக்கப்பட்டது.

இவை கம்பைலர் சொல்லிவிடும் மாற்றங்கள், அதனால் பயமில்லை. வம்பு பிடித்தது வேறு. அதே 6.15-ல் கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்ட், எக்ஸ்ட்ரா-சிஃபிளாக்ஸ் என்ற பழைய மேக்ஃபைல் மாறியை மதிப்பதை நிறுத்தியது. விற்பனையாளர் மேக்ஃபைல்கள் இன்க்ளூட் பாதைகளையும் சிப் தேர்வுக்கான மேக்ரோக்களையும் அந்த மாறியில்தான் அடைத்து வைத்திருக்கும். இப்போது அது வெறுமனே புறக்கணிக்கப்படுகிறது. திரையில் வருவது "ஹெடர் கோப்பைக் காணவில்லை" என்ற பிழை. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது. போய்த் தேடினால் அரை நாள் போகும். மாறியின் பெயரை சிசிஃபிளாக்ஸ்-ஒய் என்று மாற்றினால் அடுத்த நிமிடம் கம்பைல் ஆகிவிடும்.

பதிப்பு எண்ணைப் பார்த்து, எந்த வரிகள் கம்பைல் ஆக வேண்டும் என்று பிரிக்கும் இஃப்டெஃப் போடுவது இன்னொரு பள்ளம். கெர்னல் எண் 5.14 என்றால் ஏபிஐயும் 5.14-தான் என்று நம்ப முடியாது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இன் கெர்னல் தன்னை 5.14 என்றுதான் சொல்லிக்கொள்ளும். ஆனால் வைஃபை அடுக்கு புதிய பதிப்புகளிலிருந்து பின்கொண்டுவரப்பட்டது. அங்கே உங்கள் இஃப்டெஃப் தவறான கிளைக்குள் போகும். பதிப்பு எண்ணுக்குப் பதில், கம்பைல் தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்த்து, அந்தச் செயல்கூறு இருக்கிறதா, எத்தனை அளவுரு கேட்கிறது என்று முடிவு செய்வதே நம்பகமானது.

பயனர் பக்கத்தில் வருவன வேறு. கெர்னல் ஹெடர் தொகுப்பு நிறுவப்படவில்லை என்றால் கெர்னல் புதுப்பித்த மறுதொடக்கத்தில் வைஃபை இருக்காது. வைஃபை இல்லாததால் ஹெடரைத் தரவிறக்கவும் முடியாது. செக்யூர் பூட் இருக்கும் கணினியில் கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்றினால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று மறுக்கும். டிகேஎம்எஸ் உருவாக்கும் சாவியை மோக்யூடில் என்ற கருவியைக் கொண்டு பதிவுசெய்து, அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் கடவுச்சொல் கொடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். திரையும் விசைப்பலகையும் இல்லாத சாதனத்தில் இது நடக்காத காரியம்.

இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால் மூன்று ஒழுங்குகள் போதும். விற்பனையாளர் தந்த மூலத்தை ஒரு கிளையில் தொடாமல் வையுங்கள், உங்கள் திருத்தங்கள் தனித்தனிக் கமிட்டாக அதன் மேல் இருக்கட்டும். அடுத்த டார் கோப்பு வரும்போது ரீபேஸ் செய்ய அதுதான் கைகொடுக்கும். முக்கிய நிரலை எப்போதும் புதிய ஏபிஐக்கு எழுதுங்கள், பழைய கெர்னலுக்கான ஒட்டுவேலை முழுவதும் ஒரே ஒரு ஹெடர் கோப்பில் இருக்கட்டும். 5.15, 6.1, 6.6, 6.12 ஆகிய நீண்டகாலப் பதிப்புகளோடு நடப்பு ஆர்சி (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை) பதிப்பையும் சேர்த்துத் தானியங்கிக் கம்பைலில் போடுங்கள். ஆர்சி1 வெளிவந்த வாரமே உடைப்பு தெரிந்தால், இறுதிப் பதிப்பு வர இன்னும் ஆறேழு வாரம் கையில் இருக்கும்.

மெயின்லைனில் சேர்ப்பது

சேர்ந்துவிட்டால் மேலே சொன்ன பட்டியலில் ஒன்றுகூட உங்கள் வேலையல்ல. ஏபிஐயை மாற்றுகிறவரே மரத்தில் உள்ள எல்லா டிரைவர்களையும் மாற்றியாக வேண்டும். 6.2-இல் எல்லா மேக்80211 டிரைவர்களும் வேக்-டிஎக்ஸ்-க்யூ என்ற அனுப்பு வரிசை முறைக்கு மாற்றப்பட்டது அப்படித்தான். தன் வரிசையைத் தானே நிர்வகிக்காத டிரைவர்களுக்கு ஒரு பொதுச் செயல்கூறைக் கொடுத்து ஒரே தொடரில் முடித்தார்கள். அதனால் ஒரு பக்க லாபமும் உண்டு. மேக்80211-இன் நடு வரிசைகளில் நியாயமான பங்கீடும், வரிசையில் தேங்கலைக் குறைக்கும் கோடெல்லும் இருப்பதால், ஒருவர் பெரிய கோப்பு இறக்கும்போது மற்றவரின் அழைப்பு திக்குவது குறையும். தன் வரிசையைத் தானே வைத்துக்கொள்ளும் விற்பனையாளர் டிரைவருக்கு இது கிடைக்காது.

விலை நுழைவாயிலில் இருக்கிறது. கலப்பின டிரைவரை அப்படியே உள்ளே தள்ள முடியாது; கெர்னலில் ஏற்கெனவே ஒரு 802.11 அடுக்கு இருக்கும்போது இரண்டாவதை யாரும் ஏற்கமாட்டார்கள். சாஃப்ட்மேக் சிப் என்றால் மேக்80211 மீது புதிதாக எழுத வேண்டும். எலும்புக்கூடு சிறியதுதான்: ஹார்டுவேர் கட்டமைப்பை ஒதுக்கு, அலைவரிசைகள், இன்டர்ஃபேஸ் வகைகள், திறன் கொடிகள் ஆகியவற்றை நிரப்பு, பதிவுசெய். ஸ்டார்ட், ஸ்டாப், இன்டர்ஃபேஸ் சேர், நீக்கு, கான்ஃபிக், ஃபில்டர், டிஎக்ஸ் என்று கால்பேக்குகள் பத்துப் பதினைந்தோடு ஒரு ஸ்கேன் வந்துவிடும். சதை போடுவதுதான் மாதக்கணக்கு.

சறுக்குகிற இடங்களை வரிசையாகச் சொல்லலாம். ஃபிரேமுக்கு முன்னால் சிப் கேட்கும் விவரத் தலைப்பான டிஸ்க்ரிப்டருக்கு இடம் வேண்டும். சில ரியல்டெக் சிப்புகளுக்கு 32 பைட், சிலவற்றுக்கு 40. அந்த அளவைக் கூடுதல் ஹெட்ரூமாக முன்கூட்டி அறிவிக்காவிட்டால், ஸ்கேன் நன்றாக ஓடி, முதல் பெரிய டேட்டாவில் கெர்னல் பேனிக் ஆகும். ஃபில்டர் கால்பேக்கில் உங்களால் முடியாத கொடிகளை அழித்துத் திருப்பித் தர மறந்தால், மானிட்டர் முறையில் ஃபிரேம்கள் வராமல் பயனர் குழம்புவார். ஸ்கேனை ஃபர்ம்வேரிடம் விட்டிருக்கிறீர்கள், அது பாதியில் செத்துவிட்டது என்றால், ஸ்கேன் முடிந்ததாக நீங்கள் சொல்லாதவரை மேக்80211 காத்துக்கொண்டே இருக்கும். அதன் பிறகு எந்த ஸ்கேன் கேட்டாலும் மைனஸ் 16, அதாவது சாதனம் வேலையாக இருக்கிறது என்றே பதில் வரும். நேரக்கெடு ஒன்று வைத்து, அது கடந்தால் ஸ்கேன் கைவிடப்பட்டது என்று சொல்லி, ஹார்டுவேரை மறுதொடக்கம் செய்யும் பாதையை முதல் பதிப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்தப் பாதையில் டிரைவர் வைத்திருக்கும் ஸ்டேஷன் எண் அட்டவணையையும் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் மூன்றாவது நான்காவது மறுதொடக்கத்தில் இடமில்லை என்று நிற்கும்.

ஒரு சிக்கலைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிசிஐஇ சிப்பில் ரிஜிஸ்டர் படிப்பது ஒரு நினைவக வாசிப்பு. எந்தச் சூழலிலும் செய்யலாம். யூஎஸ்பி சிப்பில் அதே ரிஜிஸ்டருக்கு ஒரு கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் போய் வர வேண்டும், வரும்வரை அந்தத் திரெட் தூங்கும். ஆர்டிடபிள்யூ88 2019-இல் 5.2-ல் நுழைந்தபோது பிசிஐஇ மட்டும். யூஎஸ்பி ஆதரவு 6.2-ல்தான் வந்தது, எஸ்டிஐஓ 6.4-ல். நடுவே செய்ய வேண்டியிருந்த வேலையில் பெரிய பங்கு, யூஎஸ்பியில் பைட் அனுப்புவது அல்ல; தூங்கக்கூடாத இடங்களில் நடந்துகொண்டிருந்த ரிஜிஸ்டர் அணுகலை வெளியே கொண்டுவருவது. ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் மேக்80211 செயல்கூறின் அட்டாமிக் வடிவம், தூங்கக்கூடாத ஆர்சியு பூட்டுக்குள் கால்பேக்கை அழைக்கும். அங்கே ஒரு ரிஜிஸ்டர் எழுதினால் "ஸ்கெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று லாக் நிறையும். தீர்வு: சுற்றும்போது ஸ்டேஷன்களைப் பட்டியலில் மட்டும் சேர்த்துக்கொள், பூட்டை விட்டு வெளியே வந்தபின் எழுது. வெளியே வந்த நேரத்தில் அந்த ஸ்டேஷன் போயிருக்கலாம், ஆகவே டிரைவரின் மியூடெக்ஸ் கையில் இருக்க வேண்டும். 6.7-க்குப் பிறகு மேக்80211 தன் பல பூட்டுகளை விட்டு வைஃபி (wiphy) மியூடெக்ஸ் ஒன்றையே நம்புகிறது. உங்கள் மியூடெக்ஸை எடுத்த பின் அதைக் கேட்கும் பாதை ஒன்று இருந்தாலும் டெட்லாக். லாக்டெப்பை இயக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் இணைத்துத் துண்டித்துப் பார்த்தால், டெட்லாக் நேரும் முன்பே பூட்டு வரிசை தப்பு என்று அது காட்டிக்கொடுக்கும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை: நிரல் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச்சை ஸ்ட்ரிக்ட் முறையில் ஓட்டுங்கள், ஸ்பார்ஸ் கொண்டு பைட் வரிசைத் தவறுகளைப் பாருங்கள். ஃபர்ம்வேர் கட்டமைப்பில் வெறும் யூ16 என்று எழுதியிருந்தால் உங்கள் மேசையில் ஓடும், பிக்-எண்டியன் ரவுட்டரில் ஓடாது. நினைவகப் பிழைகளைக் காட்டும் கேசான், கெமெம்லீக் இயக்கி மாட்யூலை நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்குங்கள். டேட்டா ஓடும்போதே யூஎஸ்பியைப் பிடுங்குங்கள். ஆர்டிசிவேக் கொண்டு நூறு முறை தூங்கவைத்து எழுப்புங்கள். பிசிஐஇ சிப்பாக இருந்தால் ஏஎஸ்பிஎம் எல்1 என்ற மின்சேமிப்பு இயங்கும் நிலையில் இதைச் செய்வது முக்கியம், ஃபர்ம்வேர் தொங்கிப்போவது பெரும்பாலும் அங்கேதான். மேக்80211-ஹெச்டபிள்யூசிம் என்ற மெய்நிகர் ரேடியோ மாட்யூல் அடுக்கைச் சோதிக்க அருமையானது, ஆனால் உங்கள் டிரைவரை அது தொடவே தொடாது. அதில் எல்லாம் பாஸ் என்பது உங்கள் சிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பேட்ச்கள் வயர்லெஸ்-நெக்ஸ்ட் கிளையின் மேல் இருக்க வேண்டும், தலைப்பு வைஃபை என்ற முன்னொட்டோடு. புதிய டிரைவரை மதிப்பாய்வுக்காகக் கோப்புக்கு ஒரு பேட்ச் என்று பிரித்து அனுப்புவது வழக்கம். ஏற்கும்போது ஒரே கமிட்டாக்குவார்கள். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை இணைக்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரத்தில் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம். ஐந்து, ஆறு திருத்தப் பதிப்புகள் போவது சாதாரணம். நேரத்தைத் தின்பது நிரலில் உள்ள பிழைகளைவிட, "இந்தத் தனி ஐஆக்டல் கட்டளை எதற்கு, பொது இடைமுகமான என்எல்80211-ல் ஏற்கெனவே இருக்கிறதே" என்ற ரகக் கேள்விகள்தான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள், அதாவது சிப்பின் ரிஜிஸ்டர் ஆவணத்தைப் பார்க்க அனுமதி உள்ளவர், அனுப்பும் குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் "இந்த மாய எண் என்ன" என்ற கேள்வியிலேயே தொடர் நின்றுவிடும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. மெயின்லைன் டிரைவர் வசதிகளில் பின்தங்கியே தொடங்கும். ரியல்டெக் யூஎஸ்பி சிப்புகளுக்கான ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ 4.4-ல் நுழைந்தது, ஆக்சஸ் பாயின்ட் முறை அதில் 2023-ல்தான், அதுவும் ஒரு சிப்பிலிருந்து ஆரம்பித்து, வரத் தொடங்கியது. உங்கள் சாதனமே ஹாட்ஸ்பாட்தான் என்றால் இது சின்ன விஷயமல்ல.

பேக்போர்ட்ஸ்

கெர்னலை மாற்ற முடியாது, போர்டின் மற்ற பாகங்கள் 5.10-ஐ விட்டு நகராது, ஆனால் 6.x-இல் உள்ள டிரைவர் வேண்டும். இதற்குத்தான் பேக்போர்ட்ஸ் திட்டம். புதிய கெர்னலின் வைஃபை அடுக்கையும் டிரைவர்களையும் எடுத்து, நிரலைத் தானாக மாற்றியெழுதும் காக்சினெல் விதிகளாலும் ஒட்டு ஹெடர்களாலும் பழைய கெர்னலில் கம்பைல் ஆக வைக்கும். ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி தன் மேக்80211 தொகுப்பை இப்படித்தான் கட்டுகிறது; ஆகவே இது பொம்மை இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. சிஎஃப்ஜி80211, மேக்80211 இரண்டும் புதியதாக மாறிவிடுவதால், அந்தச் சாதனத்தில் உள்ள எல்லா வைஃபை டிரைவர்களும் அதே தொகுப்பிலிருந்து வர வேண்டும். பழைய கெர்னலோடு கம்பைல் ஆன ஒரு மாட்யூலைக் கலந்தால், சிம்பலின் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று ஏற்ற மறுக்கும். கெர்னலுக்குள்ளேயே சிஎஃப்ஜி80211 கட்டப்பட்டிருந்தால், அதை மாட்யூலாக மாற்றாமல் தொடங்கவே முடியாது. இன்னும் முக்கியமாக, பேக்போர்ட்ஸ் மெயின்லைனுக்கு மாற்று அல்ல, அதன் வால். மெயின்லைனில் டிரைவர் இல்லாத சிப்புக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

ஸ்டேஜிங்

கெர்னல் மரத்திலேயே, இன்னும் தரம் எட்டாத டிரைவர்களை வைக்கும் அடைவு இது. சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். ஆர்டிஎல்8723பிஎஸ் 2017-இல் 4.12-ல் ஸ்டேஜிங்கில் வந்தது, பல ஆண்டு கழித்தும் அங்கேயே இருந்தது. ஆர்8188இயூ 2023-ல் நீக்கப்பட்டது, அந்தச் சிப்பை மேக்80211 மீது எழுதிய ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ ஏற்றுக்கொண்டதால். கலப்பின டிரைவரைச் சுத்தம் செய்துகொண்டே போனால் ஒருநாள் மேக்80211 டிரைவராகிவிடும் என்பது நடந்ததில்லை. காலி இடைவெளிகளைத் திருத்தும் பேட்ச்கள் ஆயிரம் வந்தாலும் உள்ளே இருக்கும் இரண்டாவது 802.11 அடுக்கு அப்படியேதான் இருக்கும்.

பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளில்

நான்கு வழிகளுக்கும் இடையிலான வித்தியாசம் சாதாரண நாளில் தெரியாது. 2021 மே மாதம் ஃபிராக்அட்டாக்ஸ் வெளியானது: 802.11 துண்டுகளை மீண்டும் ஒட்டுவதிலும் ஃபிரேம் தொகுப்பிலும் இருந்த ஓட்டைகள். மேக்80211-ல் திருத்தம் போடப்பட்டதும், அதன் மேல் உட்கார்ந்திருந்த டிரைவர்களில் பெரும்பாலானவற்றுக்கு முக்கால் பங்கு வேலை ஒரே இடத்தில் முடிந்தது. துண்டு ஒட்டுவதை வன்பொருளோ ஃபர்ம்வேரோ செய்யும் சிப்புகளுக்கு மட்டும் தனித் திருத்தம் தேவைப்பட்டது. ஃபுல்மேக் சிப்புகளுக்குப் புதிய ஃபர்ம்வேர் வேண்டும். விற்பனையாளர் அந்தச் சிப்பைக் கைவிட்டிருந்தால் கதை முடிந்தது. கலப்பின டிரைவரைச் சுமப்பவர், தன் மரத்துக்குள் இருக்கும் அந்தத் தனி அடுக்கில், துண்டு ஒட்டும் செயல்கூறைத் தேடித் தானே திருத்த வேண்டும்.

அதற்காக மெயின்லைன் என்றால் ஓட்டையே இல்லை என்று நினைக்கவும் கூடாது. 2022 அக்டோபரில் மேக்80211-இன் பீக்கன் பகுப்பிலேயே பல ஓட்டைகள் திருத்தப்பட்டன. பொது அடுக்கு என்பதால் பாதிப்பும் பொதுவாக இருந்தது. ரியல்டெக்குக்கான மெயின்லைன் டிரைவரான ஆர்டிஎல்வைஃபையில் பீ2பீ தகவலின் நீளத்தைச் சரிபார்க்காத பிழை பல ஆண்டு இருந்து 2019-ல்தான் பிடிபட்டது. வித்தியாசம், திருத்தம் உங்களைத் தேடி வருகிறதா, நீங்கள் அதைத் தேடிப் போகிறீர்களா என்பதுதான். மெயின்லைனில் ஏற்கப்பட்ட திருத்தம் ஸ்டேபிள் மரங்கள் வழியாகத் தானே இறங்கும். புதிய சாதன எண் சேர்க்கும் ஒற்றை வரிப் பேட்ச்கூட ஸ்டேபிளுக்குத் தகுதியானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே சிப்பை வேறு யூஎஸ்பி எண்ணில் வாங்கியவர்கள் அதற்காக ஒரு வெளி மாட்யூலையே சுமந்துகொண்டிருப்பார்கள்.

எந்த வழியிலும் தப்பாத சுமை

ஃபர்ம்வேர் கோப்பை மறுவிநியோகம் செய்ய எழுத்துபூர்வ உரிமம் வேண்டும். அது இருந்தால்தான் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் சேரும். டிரைவர் முடிந்த பிறகு சட்டப் பிரிவிடம் கேட்கத் தொடங்கினால், ஆயத்தமான டிரைவர் பல மாதம் சும்மா கிடக்கும். முதல் வாரமே கேளுங்கள். கெர்னலைப் புதுப்பித்தவர் புதிய ஃபர்ம்வேர் இல்லாமலும் வைஃபை ஓட வேண்டும் என்பது கெர்னல் விதி. ஆகவே கோப்புப் பெயரில் ஏபிஐ எண் வைத்து, புதியது கிடைக்காவிட்டால் பழையதைத் தேடும்படி எழுதுங்கள்.

போர்டுக்குப் போர்டு மாறும் அளவீட்டுத் தரவு வேறு. பிஆர்சிஎம்எஃப்மேக்குக்கு என்விராம் உரைக்கோப்பு, அதெரோஸ் வழி வந்த ஏடிஎச்10கே-க்கு போர்டு-2 கோப்பு. வேறு போர்டின் கோப்பைப் போட்டால் வைஃபை இணைந்துவிடும். வீச்சு மட்டும் பாதியாக இருக்கும். டிரைவரில் பிழை தேடி நாட்கணக்கில் அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ரெகுலேட்டரி பக்கத்தில், அதாவது நாட்டுக்கு நாடு மாறும் அலைவரிசை விதிகளில், 4.15 முதல் கெர்னலே ரெகுலேட்டரி தரவுக்கோப்பைக் கையொப்பத்தோடு ஏற்றிக்கொள்கிறது. நாட்டுக் குறியீடு 00 என்று நின்றால் 5 கிகாஹெர்ட்ஸில் பல சானல்களில் ஆக்சஸ் பாயின்ட் தொடங்காது. ராடாரோடு பகிரும் டிஎஃப்எஸ் சானலில் தொடங்கும் முன் 60 விநாடி ராடாரைக் கேட்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை அது 10 நிமிடம். "ஆக்சஸ் பாயின்ட் தொங்கிவிட்டது" என்று வரும் புகார்களில் சில இந்தப் பத்து நிமிடம்தான்.

எதை எடுப்பது

ஒரே போர்டு, ஒரே நீண்டகாலக் கெர்னல், இரண்டு ஆண்டுக்குள் வாழ்வு முடியும், வெளி நெட்வொர்க்கில் அதிகம் இணையாது என்றால் வெளி மாட்யூலே போதும். மெயின்லைனுக்கு மெனக்கெடுவது அங்கே வீண். மூன்று ஆண்டுக்கு மேல், அல்லது பயனர்கள் தாங்களே கெர்னலை மாற்றிக்கொள்ளும் இடம் என்றால் மெயின்லைன்தான்; சந்தைக்கு வர அவசரம் என்றால் வெளி மாட்யூலைப் பாலமாக வைத்துக்கொண்டு அதைச் செய்யலாம், ஆனால் பாலத்துக்கு முடிவுத் தேதி எழுதிவைக்க வேண்டும். மெயின்லைனில் டிரைவர் இருக்கிறது, கெர்னல்தான் பழையது என்றால் யோசிக்காமல் பேக்போர்ட்ஸ்.

லினக்ஸோடு நிற்காமல் பிஎஸ்டியிலும் ஓட வேண்டும் என்றால் உரிமத்தை முதல் நாளே தீர்மானியுங்கள். லினக்ஸ் டிரைவர்களை ஓட்டும் லினக்ஸ்கேபிஐ அடுக்கின் மேல் ஃப்ரீபிஎஸ்டி ஐடபிள்யூஎல்வைஃபையைக் கொண்டுவர முடிந்ததற்கு அந்த நிரல் பிஎஸ்டி உரிமத்திலும் கிடைத்தது ஒரு காரணம். வெறும் ஜிபிஎல் என்று எழுதிவிட்டு, ஐம்பது பேர் பேட்ச் அனுப்பிய பிறகு மாற்ற நினைத்தால் ஐம்பது பேரிடமும் கேட்க வேண்டும்.

சிப் இன்னும் வாங்கப்படவில்லை என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று இருக்கிறது: வேறு சிப். மாதிரி மாட்யூல் ஒன்றை வாங்கி, மாற்றம் எதுவும் செய்யாத நடப்பு கெர்னலில் செருகுங்கள். சாதன எண் டிரைவரின் பட்டியலில் இருக்கிறதா, ஃபர்ம்வேர் லினக்ஸ்-ஃபர்ம்வேரில் இருக்கிறதா, உங்களுக்கு வேண்டிய முறை இன்டர்ஃபேஸ் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். அந்த டிரைவர் அடைவில் கடைசி ஓராண்டுக் கமிட்டுகளை எடுத்து, கெர்னல் முழுவதும் செய்த பொது மாற்றங்களைக் கழித்துவிட்டு, சிப்பைத் தெரிந்தவர் எழுதியவை எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு கெர்னலின் மெயின்டெய்னர்ஸ் கோப்பைத் திறந்து நிலை வரியைப் படியுங்கள். சப்போர்ட்டட், மெயின்டெய்ன்ட் என்றிருந்தால் தைரியமாக வாங்கலாம். ஆர்ஃபன் (பொறுப்பாளர் இல்லை) என்றிருந்தால், அந்த டிரைவரின் மெயின்டெய்னர் நீங்களே என்று வைத்து ஆள்கணக்குப் போடுங்கள்.